மைனஸ் மூணு பார் பிரஷரும் சால்வருக்குத் தெரியாத குமிழியும்

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி, "ஏங்ணா, இம்பெல்லர் பிளேடு நுனியில மைனஸ் மூணு பார் காட்டுது, மெஷ்ல எங்கயோ தப்புப் பண்ணிட்டனாங்ணா?"ன்னு கேட்டான். கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில டிசைன் பக்கம் சேந்து ஆறு மாசம்தான் ஆகுது, ஆளு கெட்டி, ஆனா மைனஸ் பிரஷரைப் பாத்ததும் ஆடிப் போயிட்டான். இம்பெல்லர்னா பம்புக்குள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளுற சக்கரம், மெஷ்னா கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறதுக்காகத் தண்ணி இருக்கிற இடத்தைச் செல்லுன்னு சின்னச் சின்னக் கட்டமா வெட்டுன வலை. ஃபைலை அனுப்பச் சொல்லிப் பாத்தேன், மெஷ் நல்லாத்தான் இருந்துச்சு. கேஜ் பிரஷர், அதாவது காத்தழுத்தத்தைப் பூஜ்யமா வச்சு அளக்குறது, மைனஸ் மூணு, அதோட காத்தழுத்தம் ஒரு பாரைச் சேத்தா அப்சல்யூட்ல, அதாவது வெற்றிடத்தைப் பூஜ்யமா வச்சா, மைனஸ் ரெண்டு, கணக்கு அதும்பாட்டுக்குச் சரியாத்தான் போட்டிருக்கு. விஷயம் என்னன்னா அவன் ஓட்டுனது வெறும் தண்ணி மட்டும் இருக்கிற சிமுலேஷன், அந்த சால்வருக்கு, அதாவது கணக்குப் போடுற புரோகிராமுக்கு, அது தண்ணின்னே தெரியாது, அடர்த்தி 998, விஸ்காசிட்டின்னு பிசுபிசுப்புக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான், அதுக்கு வேண்டியது ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் இருக்கிற பிரஷர் வித்தியாசம் மட்டும்தான், பூஜ்யத்துக்குக் கீழ போனா என்ன ஆகும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

நிஜப் பம்புல அந்த இடத்துல தண்ணி இருக்காது, ஆவியாயிருக்கும். இதைத்தான் கேவிடேஷன்னு சொல்றோம். தண்ணியைக் கொதிக்க வைக்க அடுப்புல ஏத்தணும்னு நமக்குப் பழக்கமாயிருச்சு, ஆனா சூடு பண்ணாமலே பிரஷரைக் குறைச்சாலும் அது கொதிக்கும். 100 டிகிரியில தண்ணியோட ஆவியழுத்தம் ஒரு காத்தழுத்தம், 30 டிகிரியில அது வெறும் 4200 பாஸ்கல் சொச்சம், அதாவது 0.042 பார். அந்த அளவுக்குப் பிரஷர் இறங்குனா போதும், பச்சத்தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுரும். அது பெரிய விஷயமான்னா இல்ல, தண்ணி நொடிக்கு 14 மீட்டர் வேகத்துல போனாலே அந்த வேகத்துக்கான பிரஷர் கிட்டத்தட்ட ஒரு பார் ஆயிருது, 14 மீட்டர்னா மணிக்கு 50 கிலோமீட்டர், நம்ம டவுன் பஸ் வேகம்தான். இம்பெல்லர் பிளேடோட நுனியை வளைச்சுக்கிட்டுத் தண்ணி திரும்புற இடத்துல அந்த வேகம் சாதாரணமா வரும்.

கொங்குப் பக்கம் பழைய கிணறு எட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், மோட்டார் மேல இருக்காது, கிணத்துக்குள்ள பாதி ஆழத்துல ஒரு திட்டுப் போட்டு அதுல உக்காந்திருக்கும், கோடையில தண்ணி இறங்க இறங்க மோட்டாரையும் கயிறு கட்டி இறக்குவாங்க. இதுக்கும் காரணம் இதே ஆவியழுத்தம்தான். கடல் மட்டத்துல காத்தழுத்தத்தால 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணியைத் தள்ள முடியும், அதுல 30 டிகிரி தண்ணியோட ஆவியழுத்தத்துக்கு 0.43 மீட்டர் போயிரும், குழாய் உரசலுக்குக் கொஞ்சம், குழாயோட அடி நுனியில இருக்கிற ஃபுட் வால்வுல பாசி அடைச்சிருந்தா அதுக்குக் கொஞ்சம், மிச்சம் இருக்கிறதுல பம்ப் தனக்குன்னு ஒரு பங்கு கேக்கும். அந்தப் பங்குக்குப் பேருதான் என்பிஎஸ்ஹெச், பம்ப் வாய்க்குள்ள நுழையுறப்ப ஆவியழுத்தத்துக்கு மேல எவ்வளவு மீட்டர் கையில மிச்சம் இருக்கணும்ங்கிற கணக்கு. எல்லாம் கழிச்சா ஆறேழு மீட்டர்தான் நிக்கும். ஊட்டி மாதிரி உயரமான ஊர்ல ஆரம்பிக்கிறப்பவே எட்டு மீட்டர்கூட இருக்காது. இந்தக் கணக்கை மீறுனா பம்புக்குள்ள ஜல்லியை அள்ளிப் போட்டு உருட்டுற மாதிரி சத்தம் வரும், கொஞ்ச நாள்ல இம்பெல்லரைக் கழட்டிப் பாத்தா கரையான் அரிச்ச மரம் மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கும்.

தம்பிகிட்ட முதல்ல சொன்னது, கேவிடேஷன் மாடலை ஆன் பண்ணு, அதுக்கு முன்னாடி ஆவியழுத்தம் எவ்வளவு போட்டிருக்கேன்னு பாருன்னுதான். ஆன்சிஸ் ஃப்ளூயன்ட்ங்கிற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல அந்தக் கட்டத்துல தானா 3540 பாஸ்கல்னு உக்காந்திருக்கும், அது 27 டிகிரி தண்ணிக்கான நம்பர். 60 டிகிரி வெந்நீர் இறைக்கிற பம்புக்கு அதையே விட்டு வச்சு ரிப்போர்ட் எழுதுனவங்களை நான் பாத்திருக்கேன், 60 டிகிரியில ஆவியழுத்தம் கிட்டத்தட்ட 20,000 பாஸ்கல், மீட்டர் கணக்குல ரெண்டு மீட்டர், அதைத் தொலைச்சுட்டு அப்புறம் ஃபீல்டுல பம்ப் கத்துது கத்துதுன்னு அலைய வேண்டியது. இன்னொரு பழைய வியாதி கேஜையும் அப்சல்யூட்டையும் குழப்பிக்கிறது. ஆவியழுத்தம் எப்பவும் அப்சல்யூட், அதனால கேவிடேஷன் ஓட்டுறப்ப சாஃப்ட்வேர் அடிப்படையா வச்சுக்கிற ஆப்பரேட்டிங் பிரஷரைப் பூஜ்யமாக்கிட்டு எல்லா எல்லையிலயும் அப்சல்யூட்லயே குடுத்துட்டா தலைவலி பாதி குறையும்.

சரி, ஆவியழுத்தத்துக்குக் கீழ போனா தண்ணி கொதிச்சே ஆகணுமா? இங்கதான் எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. லைமன் பிரிக்ஸ்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர் 1950-ல ஒரு மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல சுத்தமான தண்ணியை ஊத்தி வேகமாச் சுத்தவிட்டாரு, நடுவுல இருக்கிற தண்ணி ரெண்டு பக்கமும் இழுபடும்ல, அது அறுந்துபோற வரைக்கும் வேகத்தை ஏத்திக்கிட்டே போனாரு, 10 டிகிரியில மைனஸ் 277 பார் வரைக்கும் தண்ணி அறுந்துபோகாமத் தாங்குச்சு. அப்பத் தம்பியோட மைனஸ் ரெண்டு பார் தண்ணிக்கு ஒண்ணுமேயில்ல. ஆனா நம்ம கிணத்துத் தண்ணி அப்படிச் சுத்தம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத காத்துப் பொட்டு, தூசியோட இடுக்குல ஒளிஞ்சிருக்கிற வாயு, இதெல்லாம் அதுக்குள்ள நிறைய இருக்கு, கிழியுறதுக்கு ஏற்கனவே நூல் பிரிஞ்ச இடம் இருக்கிற துணி மாதிரி. பிரஷர் இறங்குனதும் அந்தப் பொட்டுங்கதான் ஊதிக் குமிழியாகும். அதனால "ஆவியழுத்தத்துல கொதிக்கும்"ங்கிறது தண்ணியோட குணம் மட்டும் இல்ல, தண்ணிக்குள்ள இருக்கிற அழுக்கோட குணமும் சேந்ததுதான், சிமுலேஷன்ல நாம போடுற எல்லா மாடலும் இந்த அழுக்கு எங்க வேணாலும் தாராளமா இருக்குன்னு நம்பித்தான் ஓடுது. நல்லா வாயு நீக்குன தண்ணியில டெஸ்ட் பண்ணா கேவிடேஷன் தாமதமா ஆரம்பிக்கும், சாதாரணத் தண்ணியில முன்னாடியே வரும், சால்வருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இந்தத் தொல்லை பம்புக்கு முன்னாடி கப்பலுக்குத்தான் வந்துச்சு. இங்கிலாந்துல சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல டர்பினியான்னு ஒரு நீராவி டர்பைன் கப்பலை ஓட்டிப் பாத்தப்ப இன்ஜின் பவர் எக்கச்சக்கமா இருந்தும் 20 நாட் வேகத்தைக்கூட அது தாண்டல, புரொப்பல்லர் தண்ணியைத் தள்ளாம ஆவிக்குள்ள சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கு. அந்த மனுஷன் 1895-ல ஒரு சின்ன மூடுன வளையத் தொட்டி கட்டி, உள்ள பிரஷரைக் குறைச்சு, குட்டிப் புரொப்பல்லரைச் சுத்தவிட்டு, விட்டு விட்டு எரியுற வெளிச்சத்துல குமிழியைக் கண்ணால பாத்தாரு. உலகத்தோட முதல் கேவிடேஷன் டனல் அது. அப்புறம் மூணு ஷாஃப்ட்டுல மூணு மூணா ஒன்பது புரொப்பல்லர் மாட்டி 1897-ல விக்டோரியா ராணியோட வைர விழாக் கப்பல் அணிவகுப்புல 34 நாட்ல ஓட்டிக் காட்டினாரு.

குமிழிக்கான கணிதம் போட்டது லார்ட் ரேலி, 1917-ல. காலியா இருக்கிற ஒரு உருண்டைக் குழியைச் சுத்தித் தண்ணி இருந்தா அது எவ்வளவு நேரத்துல மூடிக்கும்னு அவரு கேட்டாரு. ஒரு மில்லிமீட்டர் ஆரம் இருக்கிற குமிழி ஒரு காத்தழுத்தத்துல நொறுங்கக் கிட்டத்தட்ட 91 மைக்ரோசெகண்ட் ஆகும், ஒரு நொடியைப் பத்தாயிரமாக் கூறு போட்டா அதுல ஒரு கூறுகூட முழுசா இல்ல. இந்த 91-ஐ ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி வரும். சுவத்துப் பக்கத்துல இருக்கிற குமிழி உருண்டையா நொறுங்காது, சுவரில்லாத பக்கத்துத் தண்ணி வேகமா உள்ள பாஞ்சு, குமிழியைக் குத்திக் கிழிச்சுக்கிட்டுச் சுவத்துல போய் அடிக்கும். இதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினது அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல இருந்த பிளெசெட்டும் சாப்மனும், 1971-ல. சுவத்தை ஒட்டி இருக்கிற ஒரே ஒரு குமிழி, ஒரு காத்தழுத்தம், அதுல கிளம்புற ஊசித் தண்ணியோட வேகம் நொடிக்கு 130 மீட்டர்னு கணக்கு வந்துச்சு. அந்த வேகத்துல தண்ணி சுவத்துல மோதுறப்ப வர்ற அதிர்ச்சிப் பிரஷர் 1900 பாருக்கு மேல. ஒரு தடவை அடிச்சா இரும்புக்கு ஒண்ணும் ஆகாது, ஒரே இடத்துல கோடிக்கணக்கான தடவை அடிச்சா எந்த உலோகமும் களைச்சுப் போயிரும்.

ஆக ஒரு குமிழியை 1971-லயே சிமுலேட் பண்ணிட்டாங்க. அப்ப இன்னைக்கு ஒரு பம்பை முழுசாப் பண்றதுல என்ன கஷ்டம்? எண்ணிக்கைதான். ஷ்னெர்-சவர்னு 2001-ல வந்த மாடல்ல ஒரு கன மீட்டர் தண்ணிக்கு எத்தனை குமிழி விதைன்னு ஒரு நம்பர் கேக்கும், அதுல வழக்கமாப் போடுற நம்பர்கள்ல ஒண்ணு 1-க்குப் பின்னாடி 13 பூஜ்யம், அதாவது பத்து லட்சம் கோடி. ஒரு லிட்டர்ல மட்டும் ஆயிரம் கோடிக் குமிழி. எந்த மெஷ்ஷும் இதைத் தாங்காது. அதனால சால்வர் குமிழியையே விட்டுட்டு, ஒவ்வொரு செல்லுலயும் எத்தனை சதவீதம் ஆவின்னு ஒரே ஒரு நம்பரை மட்டும் வச்சுக்குது. மண்டிக் கணக்குப்பிள்ளை மாதிரி, மூட்டையைப் பிரிச்சு ஒவ்வொரு நெல்லாப் பாக்குறதில்ல, வரவு எவ்வளவு, பற்று எவ்வளவுன்னு நோட்டுல எழுதுறதோட சரி. செல்லுல பிரஷர் ஆவியழுத்தத்துக்குக் கீழ போச்சா, தண்ணி கணக்குல இருந்து ஆவி கணக்குக்கு இவ்வளவு மாத்து, மேல போச்சா, திருப்பி மாத்து. படத்துல நீங்க பாக்குற அழகான நீலக் குமிழித் திரை எல்லாம் "இந்தச் சதவீதத்துக்கு மேல ஆவி இருக்கிற இடத்துக்கு வண்ணம் பூசு"ன்னு சொல்லி வரைஞ்ச கோடுதான், பத்து சதவீதம்னு சொன்னா கேவிட்டி, அதாவது ஆவி நிறைஞ்ச இடம், பெருசாத் தெரியும், ஐம்பதுன்னா சின்னதாயிரும், ரிசல்ட் என்னவோ ஒண்ணேதான். எத்தனை சதவீதத்துல வரைஞ்சதுன்னு போடாத படத்தை நான் நம்புறதில்ல.

எவ்வளவு மாத்தணும்ங்கிறதுதான் மாடலுக்கு மாடல் மாறுற இடம். கன்ஸ், மெர்க்கிள், சிங்கால், ஸ்வார்ட்-கெர்பர்-பெலாம்ரின்னு பேரு நிறைய இருக்கு, ஓப்பன்ஃபோம்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்ல சிலது, ஃப்ளூயன்ட்ல சிலது. பாதிக்கு மேல எல்லாம் ஒரு குமிழி எப்படி வளரும், சுருங்கும்னு சொல்ற ரேலி-பிளெசெட் சமன்பாட்டுல இருந்துதான் கிளம்புது, ஆனா கிளம்புன உடனே அதுல இருக்கிற முடுக்கம் வெளிய, பரப்பு இழுவிசை வெளிய, விஸ்காசிட்டி வெளியன்னு ஒண்ணொண்ணாக் கழட்டிவிட்டுட்டு, கடைசியில பிரஷர் வித்தியாசத்தோட வர்க்கமூலத்தை மட்டும் வச்சுக்குது. ஆவியழுத்தத்துக்குக் கீழ 10,000 பாஸ்கல் போயிருந்தா குமிழிச் சுவர் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்துல வளரும், அவ்வளவுதான் ஃபார்முலா. அதுக்கு மேல கெட்டிச் சட்னி மாதிரி ரெண்டு குணகம். ஸ்வார்ட் மாடல்ல ஆவியாகுறதுக்கு 50, திரும்பத் தண்ணியாகுறதுக்கு 0.01. ஏன் 50, ஏன் 0.01னு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. ஆவியாகுறது சட்டுனு நடக்கும், திரும்புறது மெதுவா நடக்கும்னு ஒரு நியாயம் சொல்வாங்க, மத்தபடி பரிசோதனையோட ஒத்துப் போறதுக்குத் திருகித் திருகி வச்ச நம்பர்தான் அது. 2011-ல இத்தாலியில டிரியெஸ்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஹைட்ரோஃபாயிலை, அதாவது தண்ணிக்குள்ள வைக்கிற இறக்கையை, வச்சுக்கிட்டு மூணு மாடலோட குணகங்களையும் முறையா டியூன் பண்ணிப் பாத்தாங்க, ஸ்வார்ட் மாடலுக்கு 50 இருந்த இடத்துல 300-ம், 0.01 இருந்த இடத்துல 0.03-ம் வந்துச்சு, அப்படி டியூன் பண்ணதுக்கப்புறம் மூணு மாடலும் கிட்டத்தட்ட ஒரே பதிலைக் குடுத்துச்சு. அதுல இருந்து எந்த மாடல் உசத்தின்னு சண்டை போடுறதை நான் விட்டுட்டேன், குணகத்தை எந்தப் பரிசோதனையை வச்சுத் திருகினேன்னு மட்டும் கேப்பேன்.

இப்ப அந்த 91 மைக்ரோசெகண்டுக்கு வருவோம். 2900 ஆர்பிஎம்ல சுத்துற பம்புக்கு ஒரு டிகிரி சுத்துறதுக்கு ஒரு டைம் ஸ்டெப்னு, அதாவது சால்வர் ஒரு தடவை கணக்குப் போட்டு நகர்ற நேரத் துண்டுன்னு, வச்சா, அதுவே கொஞ்சம் நுணுக்கமான ஸ்டெப்தான், ஒரு ஸ்டெப் 57 மைக்ரோசெகண்ட் வருது. அப்ப ஒரு மில்லிமீட்டர் குமிழி பொறந்து நொறுங்குறதுல அந்த நொறுங்குற பாகம் முழுக்க ரெண்டு ஸ்டெப்புக்குள்ள முடிஞ்சு போயிருது, அதுலயும் உலோகத்தை அரிக்கிற அந்தக் கடைசி ஒண்ணு ரெண்டு மைக்ரோசெகண்டு எங்கயோ ஸ்டெப்புக்கு நடுவுல காணாமப் போயிருது. அது மட்டும் இல்ல, ஸ்டெப்பை எவ்வளவு சின்னதாக்கினாலும் வராது, ஏன்னா ரேலியோட கணக்குல குமிழி சுருங்கச் சுருங்க வேகம் ஏறிக்கிட்டே போகும், மாடல்லதான் முடுக்கத்தை முன்னாடியே கழட்டிட்டமே, அதனால அதுல குமிழி பலூன்ல இருந்து காத்து இறங்குற மாதிரி நிதானமாச் சுருங்கும். கேவிடேஷன் எங்க வரும், எவ்வளவு நீளத்துக்கு வரும், அதனால பம்போட ஹெட், அதாவது அது தண்ணியை ஏத்துற உயரம், எவ்வளவு விழும், இதுக்கெல்லாம் இந்த மாடல் நல்ல பதில் சொல்லும். எங்க குழி விழும், எத்தனை மாசத்துல விழும்னு கேட்டா அதுக்கு நேரடியாப் பதில் தெரியாது. ஆவியோட கொள்ளளவைச் சுத்தி இருக்கிற பிரஷர் வித்தியாசத்தால பெருக்கி, அந்த ஆற்றல் சுவத்துக்கு எவ்வளவு பக்கத்துல எவ்வளவு வேகமா விடுபடுதுன்னு பாத்து ஒரு மாதிரி ஆபத்து வரைபடம் போடுறாங்க, கப்பல் புரொப்பல்லர்ல மெல்லிய பெயின்ட் அடிச்சு ஓடவிட்டு எங்க உரியுதுன்னு பாத்து அதோட ஒப்பிடுறாங்க. இடம் பெரும்பாலும் ஒத்துவரும், கணக்கா எத்தனை மில்லிமீட்டர்னு சொல்றது இன்னும் தூரத்துல இருக்கு.

அரிப்புன்னா எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல கிளென் கேன்யன் அணையில 1983 ஜூன்ல நடந்ததைச் சொல்லலாம். கொலராடோ ஆத்துல வெள்ளம் வந்து உபரிநீர்ச் சுரங்கத்தைத் திறந்துவிட்டாங்க, சுரங்கத்தோட கான்கிரீட் மேல சுண்ணாம்பு கசிஞ்சு சின்னச் சின்ன மேடா உறைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான், அந்த மேட்டைத் தாண்டுற தண்ணியில கேவிடேஷன் கிளம்பி, முதல்ல சின்னக் குழி, குழியோட விளிம்புல இன்னும் பெரிய கேவிடேஷன், அடுத்து இன்னும் பெரிய குழின்னு போய், தண்ணியை நிறுத்திப் பாத்தப்ப கான்கிரீட்டைத் தாண்டி மலைப் பாறைக்குள்ள பத்து மீட்டருக்கு மேல ஆழமாப் பள்ளம் விழுந்திருந்துச்சு. பழுது பாத்தப்ப பண்ண வேலை என்னன்னா சுரங்கத்துல ஒரு பள்ளம் வெட்டி அது வழியாக் காத்தைத் தண்ணிக்குள்ள கலக்கவிட்டாங்க. காத்து கலந்த தண்ணி மெத்தை மாதிரி, குமிழி நொறுங்குற அடியை அது வாங்கிக்கும்.

அந்த மெத்தை வேலை எப்படின்னு பாத்தா சிமுலேஷன்ல இன்னொரு வில்லங்கம் தெரியும். தண்ணியில ஒலி நொடிக்கு 1500 மீட்டர் வேகத்துல போகும், காத்துல 340. ரெண்டையும் பாதிப் பாதி கலந்தா நடுவுல ஏதோ ஒரு வேகம் வரும்னுதானே நினைப்போம், வர்றது வெறும் 24 மீட்டர் கிட்ட. தண்ணியோட கனமும் காத்தோட நெகிழ்வும் ஒண்ணா சேந்துருது, கனமான ஆளை ஸ்பிரிங் மேல நிக்க வச்ச மாதிரி. ஆவியும் தண்ணியும் கலந்த கேவிட்டிக்குள்ள இன்னும் குறைஞ்சு நொடிக்கு சில மீட்டர்னு இறங்கிரும். அப்பத் தண்ணி சாதாரண வேகத்துல ஓடுனாலும் அந்த இடத்துல அது ஒலியை விட வேகமா ஓடுற ஓட்டம், ஜெட் விமானம் மாதிரி ஷாக் அலை கிளம்பலாம். ஆனா பம்ப் சிமுலேஷன் பெரும்பாலும் தண்ணியை அழுத்த முடியாத திரவம்னு வச்சுத்தான் ஓடுது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லன்னு 2016-ல தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் கேவிட்டி ஏன் விட்டு விட்டு உடையுதுங்கிறதுக்குப் பெரும்பாலும் சொன்ன காரணம் திரும்பு ஓட்டம். பிளேடு மேல திரை மாதிரி ஒட்டியிருக்கிற ஆவியோட வால் முடியுற இடத்துல தண்ணி சுவத்துல முட்டித் திரும்பி, திரைக்கு அடியில புகுந்து முன்னாடி வந்து, கடற்கரையில நிக்கிறப்ப திரும்புற அலை காலுக்கடியில மண்ணை உருவுற மாதிரி திரையோட அடியை அறுத்துவிடும், அறுந்த திரை மேகமாச் சுருண்டு பின்னாடி போய் நொறுங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல கணேஷ், மாக்கிஹார்யு, செச்சியோ மூணு பேரும் எக்ஸ்ரேயை வச்சு அந்தத் திரைக்கு உள்ளயே பாத்தாங்க, ஏன்னா வெளிய இருந்து பாத்தா வெள்ளை நுரைதான் தெரியும். சில நிலைமையில திரையை உடைக்கிறது திரும்பு ஓட்டம் இல்ல, பின்னால இருந்து முன்னால நகர்ந்து வர்ற ஒரு ஷாக் அலை, அது போற வழியில ஆவியைத் தண்ணியாக்கிக்கிட்டே போகுதுன்னு அவங்க காட்டினாங்க. அழுத்த முடியாத தண்ணின்னு வச்சு ஓட்டுற சால்வர்ல ஆயிரம் கோடி செல் போட்டாலும் இந்த அலை ஒழுங்கா வராது.

அந்தத் திரும்பு ஓட்டமே சிமுலேஷன்ல ஒழுங்கா வர்றதுக்குப் பெரிய பாடு பட்டாங்க. சாதாரண கே-எப்சிலான் மாதிரி டர்புலன்ஸ் மாடலை, அதாவது தண்ணியோட கொந்தளிப்பைச் சராசரியாக் கணக்குல எடுக்குற மாடலை, போட்டா கேவிட்டி ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிக்கும், உடையவே உடையாது, ஏன்னா அந்த மாடல் ஆவி கலந்த இடத்துல விஸ்காசிட்டியை எக்கச்சக்கமா ஏத்தி, திரும்பி வர்ற மெல்லிசான தண்ணியைத் தேன் மாதிரி கெட்டியாக்கி நிறுத்திரும். பிரான்ஸ்ல கிரெனோபில்ல இருந்த ரெபூவும் கூட இருந்தவங்களும் 1998-ல ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க, ஆவி கலந்த இடத்துல மட்டும் டர்புலன்ட் விஸ்காசிட்டியை வேணும்னே வெட்டிக் குறைச்சிரு, எவ்வளவு வேகமா வெட்டணும்ங்கிறதுக்கு ஒரு அடுக்கு, அதுக்கு 10-னு வை. உடனே கேவிட்டி மூச்சு விட ஆரம்பிச்சுச்சு. ஏன் 10-னு கேட்டா பரிசோதனையோட ஒத்து வருது, அவ்வளவுதான். எல்இஎஸ்னு பெரிய சுழல்களை நேரடியாவே கணக்குப் போடுற முறையில ஓட்டினா இந்தத் தில்லாலங்கடி வேண்டாம், ஆனா நாள்கணக்கு வாரக்கணக்காயிரும், பம்ப் கம்பெனியில யாரு காத்திருக்கப் போறாங்க. நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல, தண்ணி ஓடுற திசையில 15 சென்டிமீட்டர் இருக்கிற, முறுக்குன ஒரு ஹைட்ரோஃபாயில் வச்சிருக்காங்க, நடுவுல 11 டிகிரி முறுக்கு, நொடிக்குச் சுமார் 7 மீட்டர்ல தண்ணி போறப்ப கேவிட்டி நொடிக்குச் சுமார் 32 தடவை உடையும், புது சிமுலேஷன் புரோகிராம் எழுதுறவங்க எல்லாம் முதல்ல அங்க போய்த்தான் கும்பிடு போடுவாங்க. அந்தத் துடிப்பு நிறைய பேருக்குக் கிட்டத்தட்ட வந்துரும், தூக்கு விசை பல பேருக்குப் பரிசோதனையை விடக் கம்மியா வரும். துடிப்பு ஒத்துப்போச்சுன்னு மத்ததும் ஒத்துப்போச்சுன்னு எடுத்துக்கக் கூடாதுங்கிறதுக்கு இதைத்தான் காட்டுவேன்.

தண்ணியை விட்டுட்டு ராக்கெட்டுக்குப் போனா கதை வேற. 20 டிகிரி தண்ணியில ஒரு லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 58,000 லிட்டர் ஆவியாகும், அதனாலதான் சால்வர் அடிக்கடி மூச்சுத் திணறி டைவர்ஜ் ஆகுது, அதாவது கணக்கு முடிவுக்கு வராமச் சிதறிப் போகுது, பக்கத்துப் பக்கத்து செல்லுல அடர்த்தி 58,000 மடங்கு மாறுனா யாருக்குத்தான் தாங்கும். ராக்கெட் எரிபொருளான திரவ ஹைட்ரஜன்ல அதே விகிதம் ஐம்பத்துச் சொச்சம்தான். கேக்க நல்லாருக்கு, ஆனா அதே அளவு குமிழிக்கு ஏகப்பட்ட திரவம் ஆவியாகணும், அதுக்கான சூடு சுத்தியிருக்கிற திரவத்துல இருந்துதான் வரணும், அது குளிர்ந்துரும், குளிர்ந்தா ஆவியழுத்தமே இறங்கிரும், கேவிடேஷன் தன்னைத்தானே அடக்கிக்கும். தண்ணியில வெப்பச் சமன்பாட்டை அணைச்சு வச்சு ஓட்டலாம், இங்க அணைச்சா பதில் தப்பு. மகேந்திரகிரியில இஸ்ரோ ஓட்டிப் பாக்குற கிரையோஜெனிக் இன்ஜின் பம்புங்களுக்கும் இதே கதைதான். அப்படி அடக்கிக்கிட்டாலும் ஆபத்து போயிராது, ஜப்பானோட ஹெச்-2 ராக்கெட் 1999 நவம்பர்ல விழுந்தப்ப இன்ஜினைக் கடலுக்கு அடியில கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர் ஆழத்துல தேடி எடுத்துப் பாத்தாங்க, ஹைட்ரஜன் பம்போட வாயில திரவத்தை முதல்ல உள்ள இழுக்குற இன்டியூசர்ங்கிற சக்கரத்தோட பிளேடு களைச்சு முறிஞ்சிருந்துச்சு, கேவிடேஷனால வந்த அதிர்வுதான் அதுல முக்கியக் காரணம்.

தம்பிக்கு நான் சொன்ன வேலை முறை சாதாரணமானதுதான். முதல்ல கேவிடேஷன் இல்லாம ஓட்டி நல்லா செட்டில் ஆகவிடு, அந்த ரிசல்ட்டு மேல மாடலை ஆன் பண்ணு, பூஜ்யத்துல இருந்து நேரா ஆன் பண்ணா வெடிச்சிரும். பிளேடு நுனியில மெஷ்ஷை நெருக்கிப் போடு, கேவிட்டி பொறக்குறது அங்கதான். ஃப்ளோவை மாத்தாம இன்லெட் பிரஷரை மட்டும் படிப்படியா இறக்கு, ஒவ்வொரு படியிலயும் ஹெட்டை எழுதிக்க, ஹெட் 3 சதவீதம் விழுற இடத்தைக் குறிச்சுக்க, கேட்டலாக்ல போடுற என்பிஎஸ்ஹெச் அதுதான். அந்த இடம் வர்றப்ப கோடு செங்குத்தா விழும், அங்க படியைச் சின்னதாக்கலைன்னா ஒரே தாவுல தாண்டிருவே. ரெண்டு நாள்ல போட்டு அனுப்பினான், மைனஸ் பிரஷர் போயிருச்சு, நுனியில நகம் அளவு நீலத்திரை வந்திருக்கு, 3 சதவீதப் புள்ளியும் அழகா வந்திருக்கு.

அடுத்த வாரம் டெஸ்ட் பெட்ல ஓட்டுறப்ப நானும் போயிருந்தேன். சக்‌ஷன் வால்வை மெதுவா மூடிக்கிட்டே வந்தாங்க, தம்பி கையில லேப்டாப்போட மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னான், ஹெட் ஒரு சதவீதம்கூட விழல, அவனோட கோடும் அப்படியே நேராத்தான் இருக்கு. அதுக்குள்ள டெஸ்ட் பெட் பெரியவர் ஒரு ஸ்க்ரூடிரைவரோட முனையைப் பம்ப் கேஸிங்ல வச்சு, பிடியைக் காதுல அழுத்திக்கிட்டு, "ஆரம்பிச்சிருச்சு தம்பி, ஜல்லி உருளுது"ன்னாரு.